எனக்கு மூச்சு வாங்கவில்லை, கண்ணு

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் முதல் வரி இதுதானே என்று தாண்டிப் போய்விடாதே. இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. எனக்கு மூச்சு வாங்கவில்லை. இருமல் இல்லை. நெஞ்சில் சளி கட்டவில்லை. இந்தப் பனிக்காலம் முழுவதும் விடியுமுன் எழுந்து ஜெபம் பண்ணி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, உங்கப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வாழவந்தியில் பஸ் ஏறி ஒண்டிக்கடைப் பஜாருக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டேதான் வந்திருக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் மாமாவின் செடி நர்சரி வேலையை விட்டு ஓசூருக்குப் போகும்போது அவரிடம் நீ வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய். அது எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் நான் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தேன். மழையில் சாய்ந்த சில்வர் ஓக் கிளை ஒன்றை உங்கப்பா இழுத்துப் போட்டுவிட்டு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவருடைய நாளைக்காகக் காத்திருந்தால் அடுப்பு எரியாது என்று நானே கோடாலியை எடுத்துவிட்டேன். மேட்டில் யாரோ ஏறி வருகிற சத்தம். பார்த்தால் எஸ்தர் அத்தை. மாமாவின் மனைவி அந்த ஏற்றத்தில் நடந்து நம் வீட்டுக்கு வந்து எத்தனை காலமாகிறது! கையில் ஒரு பை, கழுத்தில் மப்ளர், முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, நீ படுத்திருக்கறன்னு சொன்னாங்க, கோடாலியோட நிக்கற?"

"யாருங்க்கா சொன்னாங்க? நான் எதுக்குங்க படுக்கறேன்?"

"உனக்கு மூச்சு வாங்குதாம், இந்த மலைப் பனி ஒத்துக்கலியாம். ஓசூர்ல ஊடு பாத்துக் கூட்டிட்டுப் போகோணும், அதுக்குத்தான் வேலைய விடறேன்னு உன்ற பையன் மாமாகிட்டச் சொன்னானே!"

"வெறகு பொளந்தா யாருக்குத்தான் மூச்சு வாங்காதுங்க்கா" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். அத்தை என்னையும் பார்த்தார், பிளந்து அடுக்கியிருந்த விறகையும் பார்த்தார். பிறகு அந்த மரத்துண்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஓசூரும் குளுருதான்னு சொல்றாங்களே, அங்க போயி எப்பிடி மூச்சு நிக்குமுன்னு நான் அப்பவே கேட்டேன். உனக்கென்ன தெரியும், வாய மூடுன்னுட்டாரு உங்கண்ணன்" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். மலைத்தேன். நம் பக்கத்துத் தேன் அல்ல, தலைச்சோலைக்கு மேலே சொல்லி வைத்து வாங்கியதாம். ஆடாதொடைச் சாற்றில் கலந்து எனக்குக் கொடுக்கச் சொல்லி மாமாவே கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

உள்ளே கூட்டிவந்து காப்பி போட்டுக் கொடுத்தேன். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். "உங்கண்ணன் சரியா சாப்புடறதில்ல புள்ள. எதுக்குப் போனான், எதுக்குப் போனான்னு ஒரே பேச்சு. அம்மாவுக்கு முடியலன்னு சொன்னது மொதல்ல நம்பினாரு. அப்பறம் ஒருநா, 'அதுக்கு எதுக்கு அவன் என்ற மூஞ்சியப் பாக்காம தரையப் பாத்துச் சொன்னான்'ங்கறாரு. சம்பளம் பத்தலியோன்னு, புதுசா வந்தவனுக்குக் கூட்டிக் குடுத்துட்டாரு. அதுல பழைய ஆளுங்க அத்தன பேரும் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியறாங்க. நான்தான் ஏதோ சொல்லி உன்ற பையன் மனசு கோணிடுச்சுன்னு எங்கூடவும் சண்ட. நெசமாச் சொல்லு, எதுக்குப் போனான்?"

எனக்குத் தெரியும் கண்ணு. நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். மார்கழியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே சொன்னாய். மாமா காலையில் மணி அடித்ததும் நர்சரியைச் சுற்றி வருவார், பையில் வளர்க்கிற செடி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் போதும், "யாரு கொன்னது இத?" என்று வாங்க வந்தவர்கள் காதில் விழக் கத்துவார், அதற்குப் பயந்து ஆட்கள் அவர் வருமுன்பே செத்த செடியைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்பாத்தியிலிருந்து வேறு பையை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள் என்றாய். வரிசை எப்போதும் நிறைந்திருக்கும். மாமாவும் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போவார். பின்பாத்தி பள்ளத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் நின்று மிளகுக் கொடிக்கு வேர் அழுகுகிறது, மேலே இலை மட்டும் பச்சையாகவே இருக்கிறது என்றும் சொன்னாய். அழுகல் பிடித்த பையை நல்ல பைகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? போன மழைக்கு வாங்கிப் போன எஸ்டேட்காரர் கொடி எல்லாம் பட்டுப்போய்விட்டதென்று வந்து நின்று சத்தம் போட்டார். மாமா மழையைச் சொன்னார், மண்ணைச் சொன்னார், நட்ட கூலியாட்களின் கையைச் சொன்னார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆமாங்க மாமா" என்றாயாம். "நானும் அவங்க மாதிரி எடத்த ரொப்பற ஆளாயிட்டேம்மா. இனி அங்க இருந்தா நான் பொய் சொல்றதே எனக்குத் தெரியாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தட்டிலேயே கை கழுவினாய். அன்றைக்கே எனக்குத் தெரியும், நீ அங்கே நிற்க மாட்டாயென்று. போனதில் தப்பில்லை. போக வேண்டியதுதான். பயத்தில் வாய் கட்டிப்போன இடத்தில் வயதுப்பிள்ளை நிற்கக் கூடாது.

ஆனால் போகும்போதும் ஓர் இடத்தை ரொப்பிவிட்டுத்தானே போயிருக்கிறாய், சாமி? உண்மைக் காரணம் இருக்க வேண்டிய இடத்தில் என் மூச்சை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். வரிசை நிறைவாகத்தான் தெரிகிறது. வேர் அழுகுகிறது.

எஸ்தர் அத்தை கேட்டதற்கு நான் காரணத்தைச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. "அது அவன் சொல்ல வேண்டிய பேச்சுங்க்கா, என்ற வாயில வந்தா கெட்டுப்போயிரும். சம்பளமும் இல்ல, நீங்களும் இல்ல, இதை மட்டும் அண்ணங்ககிட்டச் சொல்லுங்க. பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வருவான். வந்து அவனே சொல்லுவான்" என்றேன். "சொல்லுவானா?" என்றார். "சொல்லுவானுங்க்கா" என்றேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ என்னைக் கேட்காமல் எனக்கு வியாதி கொடுத்தாய் அல்லவா, அதற்கு இது சரியாகப் போயிற்று. போகும்போது அத்தை வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். இந்த வருஷ மழைக்கும் ஒரு எஸ்டேட்டுக்கு மிளகுக்கொடி கொடுக்க மாமா ஒப்புக்கொண்டிருக்கிறாராம். முன்பைவிடப் பெரிய ஆர்டராம். பைகள் நிரப்பி அடுக்கி வைத்தாயிற்றாம். "வரிசையப் பாத்தியன்னா கண்ணு பட்டுரும், அத்தன நெறவு" என்று பெருமையாகச் சொன்னார். அதில் பின்பாத்திப் பை எத்தனையோ என்று எண்ணிக்கொண்டேன். இப்போது காப்பிப் பூ பூத்து மலையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. அடுத்தது மழைதான். மழைக்குப் பிறகு நீ வந்து என்ன சொன்னாலும் அது துக்கம் விசாரிக்கிற பேச்சாகத்தான் இருக்கும்.

"போனவன் எதுக்கும்மா பேசோணும்? பேசினா நன்றி கெட்டவம்பாங்க" என்று நீ நினைப்பாய். உன்னைப் பெற்றவள், எனக்குத் தெரியாதா? ஞானஸ்நானத்துக்கு உன்னைக் கையில் வாங்கி நின்றவர் அவர். ஒட்டுக்கத்தியைப் பிடிக்க உன் விரலுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ரோஜாவில் ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று நீ இன்றைக்கு ஓசூரில் அந்தப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நின்று பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் என்றால் அது அவர் போட்ட சோறு. அதனால்தான் சொல்ல வேண்டும் என்கிறேன். உனக்கு வேண்டாதவராக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறு என்று நானே சொல்லியிருப்பேன். அங்கே இன்னும் வேலைக்குப் போகிறவர்களால் சொல்ல முடியாது. அங்கே கூலிக்கு நிற்கிற மாரக்கா சொல்வாளா? சொன்னால் மறுநாள் அவள் வீட்டில் உலை வைக்க வேண்டாமா? வியாபாரத்துக்கு வருகிறவர்கள் கோபத்தில் சொல்வார்கள், அது ஏறாது. உள்ளே இருந்து பார்த்தவன், இனி அங்கே எதையும் எதிர்பார்க்காதவன், அவர்மேல் மரியாதை உள்ளவன் என்று மூன்றும் சேர்ந்த ஆள் நீ ஒருவன்தான். அப்படிப்பட்டவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் அந்த மனிதருக்குச் சொல்ல வேறு யார் மிச்சம்?

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த புத்தியல்ல. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். வீட்டுக் கணக்கு எழுதி எழுதித்தான் கையெழுத்தே திருந்தியது. நம் சபையில் பெண்கள் சங்கத்துக்கு நான் பொருளாளராக இருந்ததும், அதை விட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் விட்டேன், எப்படி விட்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ரூபி டீச்சர்தான் சங்கத்துக்குத் தலைவி. பிடி அரிசிக் காணிக்கையை அவர்தான் நம் சபையில் ஆரம்பித்து வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் பானையில் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுவர வேண்டும். எஸ்டேட் துரைமார் வீட்டில் சமைக்கிறவர்கள் கொண்டுவருகிற சீரகச் சம்பாவும், கணக்கெழுதுகிற ரைட்டர் வீட்டுப் பச்சரிசியும், நம்முடைய புழுங்கலும், ரேஷன் அரிசியும் பீடத்துக்கு முன்னால் ஒரே சாக்கில் கொட்டப்படும். "கர்த்தருக்கு முன்னால எல்லா வீடும் ஒண்ணு, எல்லா அரிசியும் ஒண்ணு" என்று டீச்சர் சொல்லும்போது கேட்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அந்தச் சாக்கைப் பிரித்துக் கட்டித்தான் கூலியாட்கள் குடியிருக்கிற எஸ்டேட் லைன் வீடுகளில் நோயில் படுத்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுப்போம்.

ஒரு தடவை லைன் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனபோது, பிள்ளை பெற்றிருந்த ஒருத்தி வாசலில் கோழிக்கு எதையோ இறைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் முந்தின மாதம் கொடுத்த அரிசி. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்க. குடுக்கறது புண்ணியமுங்க. ஆனா ஒலையில போட்டா நாலு அரிசி நாலு பக்கம் பாக்குதுங்க. ஒண்ணு கொழைஞ்சு கூழாவுது, ஒண்ணு வேகாமக் கல்லாட்டம் கெடக்குது. கோழிதானுங்க நொம்ப சந்தோசமாத் திங்குது" என்றாள். "டீச்சர் கேட்டப்ப நல்லாருக்குதுன்னீங்களாமே?" என்றேன். "குடுக்கறவங்க மூஞ்சியப் பாத்து வேற எப்பிடிங்க சொல்றது?" என்றாள். நான் வீட்டுக்கு வந்து அந்தச் சாக்கு அரிசியில் ஒரு படி எடுத்து நானே பொங்கிப் பார்த்தேன். உங்கப்பா ஒரு வாய் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

சங்கக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று டீச்சர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அதோடு பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. சங்கத்தை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். முழங்கால் வலி என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. வியாதியை எடுத்து வைக்கிற புத்தி உனக்கு வேறு எங்கிருந்தும் வந்ததல்ல போலிருக்கிறது! பிறகு அப்படியே மாறி, போகிறபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டே போவதென்று, சொல்லப்போகிறதை உங்கப்பாவிடம் வரிசையாகச் சொன்னேன். டீச்சர் யாரையும் பேச விடுவதில்லை. பாட்டை அவர் சுருதிக்கே பாடச் சொல்கிறார். நான் செய்த வேலையைத் தான் செய்ததாகப் போதகரிடம் சொல்கிறார். அறுப்பின் பண்டிகைக்கு என் பூசணிக்காயைக் கடைசி வரிசையில் வைத்தார். உங்கப்பா கிளை கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல எது டீச்சருக்கு, எது உனக்கு?"

கண்ணு, உங்கப்பா கொஞ்சமாகப் பேசுகிறவர். ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்றைக்கு வரைக்கும் முறமாக வைத்துப் புடைத்துக்கொண்டிருக்கிறேன். பாட்டுச் சுருதியும் பூசணிக்காயும் என் மனக்குறை. அவற்றைச் சொன்னால் என் நெஞ்சு லேசாகும், அவருக்கு ஒரு உபயோகமும் இல்லை. அவருக்கென்று மிஞ்சியது அரிசி மட்டும்தான். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பேச்சாகக்கூட அல்ல. அந்தச் சாக்கு அரிசியைப் பொங்கி, ஒரு தூக்குச்சட்டியில் போட்டு, அவர் சாப்பிடுகிற நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கணக்கையும் சாவியையும் முதலில் கையில் கொடுத்தேன். "அறுப்பின் பண்டிகை வரைக்கும் மத்த வேலை செய்யறனுங்க, அதுக்கப்பறம் வரலீங்க. இந்தப் பிடி அரிசிய ஆரம்பிச்சது நீங்க. இந்த மலையில வேற யாருக்கும் அது தோணல. அது நின்னுறக் கூடாதுன்னுதான் வந்தேன். இதுல ஒரு வாய் சாப்புட்டுப் பாருங்க டீச்சர்" என்றேன். சாப்பிட்டார். மென்றார். நடுவில் பல்லில் கடக்கென்று ஒரு சத்தம். முகம் சிவந்துவிட்டது. தூக்கை மூடினார். "சரி. வச்சுட்டுப் போ" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆலயத்தில் எதிரே வந்தால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார். ஊரில் பலரும் எனக்குத் தலைக்கனம் என்றார்கள். இதையெல்லாம் மறைத்து உன்னை அனுப்பினால் நான் நல்ல அம்மா அல்ல, அதனால் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னவனுக்கு உடனே மாலை போட மாட்டார்கள். ஆனால் அடுத்த அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்துக்கு முன்னால் ஒரு சாக்கு நின்ற இடத்தில் மூன்று சாக்குகள் நின்றன. பச்சை, புழுங்கல், ரேஷன். யாரும் ஏனென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கும் பிறகு ஒருநாள் ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமலே, "ஏம்மா, உன் தூக்கு எங்கிட்டயே கெடக்குதே, எடுத்துட்டுப் போறதில்லையா? உன் பாத்திரத்தை நான் எத்தனை நாள் தொலக்கறது?" என்றார். போய் எடுத்துக்கொண்டேன். காப்பி கொடுத்தார். அரிசியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. சங்கத்துக்கு நான் திரும்பிப் போகவும் இல்லை. ஆனாலும் அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது நான் என்றைக்கும் தலையைக் குனிந்ததில்லை. உனக்கு அதுதான் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒண்டிக்கடையில் நீ இறங்கும்போது மாமா எதிரே வருகிறாரா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பிழைப்பு என் பிள்ளைக்கு வேண்டாம்.

அதற்காக உங்கப்பா மாதிரியும் செய்துவிடாதே. ஆளுக்குக் கேள்வி கேட்கத் தெரியுமே தவிர, தன் காரியத்தில் அவர் செய்தது வேறு. முதலில் லாரி ஓட்டிய எஸ்டேட்டை விட்டபோது, சாவியைக் கொடுக்கப் போன இடத்தில், லாரி இன்ஜினை அணைக்காமல், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே மேனேஜரிடம் அத்தனையும் சொல்லியிருக்கிறார். அத்தனையும் நியாயம்தான். சொல்லி முடித்ததும் கியரைப் போட்டுவிட்டார். சாவி கொடுக்கப் போன லாரியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாரென்பது வாழவந்தி வளைவுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்ததாம்! திரும்பப் போய் நின்றபோது மேனேஜர் சிரித்தாராம், இவர் சொன்ன நியாயம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. இன்ஜின் ஓட ஓடச் சொல்வது கல்லெறிகிற மாதிரி. பதிலுக்கு இடம் வைக்காத பேச்சு யாருக்கும் உதவாது. நீ உட்கார்ந்து சொல். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திரு.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து, மறுநாள் காலையில் போ. நர்சரிக்குப் போகாதே, அங்கே ஆட்கள் இருப்பார்கள். வீட்டுக்குப் போ. ஒருவரிடம் குறை கண்டால் அவரும் நீயுமாகத் தனியாக இருக்கையில் சொல் என்றுதான் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். முதலில் பொய்யை எடுத்துவிடு. "அம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க மாமா, நான் பயந்துட்டுச் சொன்னேன்" என்று அதை ஒரே வரியில் முடித்துவிடு. பிறகு அவர் உனக்குச் செய்ததைச் சொல், அவரைக் குளிரவைப்பதற்காக அல்ல, அது உண்மை என்பதால். பிறகு பின்பாத்தியையும் காலி இடத்தையும் சொல். மாரக்கா பெயரையோ வேறு யார் பெயரையோ எடுக்காதே. நீ போய்விட்டவன், அவர்கள் நாளைக்கும் அந்த மணிச் சத்தத்துக்குப் போக வேண்டியவர்கள். "நான் ரொப்பினேன்" என்று சொல். அதுவும் உண்மைதானே. "நீங்க கத்தறீங்க" என்று ஆரம்பித்தால் அவர் கத்துவார். "காலி எடத்தப் பாத்து நீங்க கத்தினா, எங்களுக்குச் செடிய விட உங்க கோவந்தான் பெருசாத் தெரியுதுங்க மாமா" என்று சொன்னால் ஒருவேளை யோசிப்பார். மறுநாள் வரிசையில் காலி இடம் கண்டால், யார் கொன்றது என்று கேட்காமல் எதில் செத்தது என்று கேட்கச் சொல். இந்த ஒன்று போதும். புது ஆள், சம்பளம், அத்தை பட்ட பேச்சு, எதையும் சேர்க்காதே. அவை தானாகச் சரியாகும், ஆகாவிட்டால் அது அவர்கள் பாடு.

அப்படியும் கத்தத்தான் செய்வார். நீ சொன்னதும் எழுந்து நின்று, "என்ற தோட்டத்தப் பத்தி எனக்கே புத்தி சொல்றியா?" என்பார். சொல்லட்டும். அந்தக் குரலுக்கு இத்தனை வருஷம் நீ பயந்தது, அது உன் வேலையைப் பிடுங்கும் என்பதால். இப்போது அதில் பிடுங்க ஒன்றுமில்லை. வெறும் சத்தம்தான், மழைக்கு முன்னால் இடிக்கிற மாதிரி. எனக்குத் தேன் அனுப்பியவர்தான் கத்துகிறார் என்பதை நினைத்துக்கொள். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது. முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாய் என்பதைக் கவனித்து வைத்திருக்கிற மனிதர், உண்மைக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். உன்மேலும் நம்பிக்கை இருக்கிறது. இல்லாவிட்டால் எஸ்தர் அத்தையிடம் அவ்வளவு தைரியமாக வாக்குக் கொடுத்திருப்பேனா?

அந்தத் தேன் பாட்டிலை நான் திறக்கவில்லை. மூடியைச் சுற்றி அத்தை ஊற்றின மெழுகு அப்படியே இருக்கிறது. உங்கப்பா இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார், இட்லிக்கு நன்றாக இருக்குமே என்று. கையைத் தட்டிவிட்டேன். அது வியாதிக்காரிக்கு வந்தது, இந்த வீட்டில் வியாதிக்காரி யாரும் இல்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போ. போனதும் மாமா முன்னால் அதை வைத்துவிடு. எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நீ வேறு வார்த்தை தேட வேண்டியிருக்காது.

அவர்கள் வீட்டு ஏற்றம் உனக்குத் தெரியும். கையில் பாட்டிலோடு ஏறினால் உனக்கு மூச்சு வாங்கும். வாங்கட்டும். வழியில் நின்று கொஞ்சம் ஆற்றிக்கொள். அங்கிருந்தே திரும்பி மட்டும் வந்துவிடாதே, சாமி.

உனக்காக ஜெபித்துக்கொண்டும் விறகு பிளந்துகொண்டும் இருக்கிற

அம்மா